‘கிராவிட்டி’ படத்துக்கு இயற்பியல் மதிப்பெண் எவ்வளவு?

விண்வெளிப் படம் என்றால் இரண்டு கப்பல்கள் மோதும், ‘டமார்’ என்று ஒரு சத்தம் கேட்கும், நாமும் நாற்காலியில் ஒரு தடவை அசைந்து கொடுப்போம். பல ஆண்டுகளாக ஹாலிவுட் நம்மை இப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டு வெளிவந்த ‘கிராவிட்டி’ அந்தப் பழக்கத்தை உடைத்தது. அதில் ஒரு விண்வெளி நிலையமே சுக்குநூறாகிறது. ஆனால், வெடிச்சத்தம் என்று ஒன்று இல்லை. அந்த அமைதியே நம் வயிற்றைக் கலக்குகிறது.

அல்ஃபோன்சோ குவாரோன் இயக்கிய இந்தப் படம் சிறந்த இயக்குநர், ஒளிப்பதிவு, காட்சி விளைவுகள் உட்பட 7 ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. படிவம் 4 இயற்பியலில் ‘ஈர்ப்பு’ என்று ஓர் அத்தியாயம் படிக்கிறீர்கள் அல்லவா? அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு இந்தப் படத்தைப் பார்த்தால், இயக்குநர் எங்கே அறிவியலை மதித்திருக்கிறார், எங்கே அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கதையை ஓட்டியிருக்கிறார் என்பது நன்றாகத் தெரியும். இரண்டுமே நிறைய இருக்கின்றன.

கதை இதுதான். எக்ஸ்புளோரர் என்ற விண்வெளி ஓடத்தில் சென்ற குழு ஒன்று ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுது பார்க்கிறது. டாக்டர் ரயன் ஸ்டோனாக சான்ட்ரா புல்லக், அனுபவமிக்க வீரர் மேட் கோவால்ஸ்கியாக ஜார்ஜ் குளூனி. ரஷ்யா தன் பழைய செயற்கைக்கோள் ஒன்றை ஏவுகணையால் தகர்க்கிறது. அதன் துண்டுகள் மற்ற செயற்கைக்கோள்களை உடைக்கின்றன. அந்தத் துண்டுகள் வேறு சிலவற்றை உடைக்கின்றன. குப்பை மழை ஓடத்தையும் சிதைத்துவிட, எஞ்சிய இருவரும் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்கும், பிறகு ரயன் மட்டும் சீனாவின் தியாங்கொங் நிலையத்துக்கும் தாவித் தாவிப் பூமிக்கு வரப் பார்க்கிறார்கள்.

(ஒரு சின்னக் குறிப்பு: ஓடத்தின் பயண எண் எஸ்டிஎஸ்-157 என்கிறது படம். உண்மையில் கடைசி ஓடப் பயணம் எஸ்டிஎஸ்-135. அது 2011 ஜூலையில் முடிந்துவிட்டது. கற்பனைக் கதைக்கு இந்தச் சலுகையைக் கொடுத்துவிடலாம்.)

சுழன்றால் சுழன்றுகொண்டே இருப்போம்

முதலில் நல்லதைச் சொல்வோம். படத்தின் தொடக்கத்தில் ஓர் இயந்திரக் கையின் நுனியில் ரயன் மாட்டிக்கொண்டிருக்கிறார். குப்பைத் துண்டு ஒன்று அந்தக் கையை முறிக்கிறது. கை சுழல்கிறது, அவரும் சேர்ந்து சுழல்கிறார். இணைப்பைக் கழற்றிவிட்ட பிறகும் அவருடைய சுழற்சி நிற்பதில்லை. தலை, கால், தலை, கால் என்று உருண்டுகொண்டே இருட்டுக்குள் போகிறார்.

பூமியில் ஒரு பம்பரம் நிற்பதற்குக் காரணம் உராய்வும் காற்றும். அங்கே இரண்டும் இல்லை. எனவே வெளியிலிருந்து ஒரு விசை வந்து தடுக்கும்வரை அவர் சுழன்றுகொண்டே இருப்பார். கையை ஆட்டினாலும் காலை உதைத்தாலும் பயனில்லை, தள்ளுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. நியூட்டனின் முதல் விதியை இதைவிடப் பயமுறுத்தும் வகையில் யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள்.

பிற்பாடு அவர் ஒரு தீயணைப்புக் கருவியைப் பீய்ச்சி அடித்துத் தியாங்கொங்கை நோக்கி நகர்வது மூன்றாம் விதி. வாயு ஒரு பக்கம், அவர் மறுபக்கம். இதிலும் ஒரு நுணுக்கத்தைப் படம் விட்டுவிடவில்லை. பீய்ச்சும் கோடு உடலின் பொருண்மை மையத்தின் வழியே செல்லாவிட்டால் நகர்வதோடு சுழலவும் செய்வோம். ரயன் தடுமாறித் தடுமாறித்தான் போகிறார்.

சத்தத்தைப் பற்றி முன்பே சொன்னேன். ஒலி பயணிக்க ஓர் ஊடகம் வேண்டும். வெற்றிடத்தில் அது இல்லை. ஆனால் ரயன் கையில் பிடித்திருக்கும் கருவியின் அதிர்வு கையுறை, உடை, உடையினுள் உள்ள காற்று வழியாக அவர் காதை எட்டும். படத்தின் ஒலிப்பதிவாளர்கள் அந்த மந்தமான ‘கும்’ என்ற அதிர்வை மட்டுமே கேட்க வைக்கிறார்கள். அவர் எதையாவது தொடும்போது சத்தம். கையை எடுத்துவிட்டால் சத்தமில்லை. அடுத்த முறை பார்க்கும்போது இதை மட்டும் கவனித்துப் பாருங்கள்.

ஒளியும் அப்படித்தான். தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பகலும் இரவும் மாறும். நடிகர்களின் முகத்தில் பூமியின் வெளிச்சமும் சூரிய வெளிச்சமும் சரியான திசையிலிருந்து விழவேண்டும் என்பதற்காக, உட்சுவர் முழுக்க எல்இடி விளக்குகள் பதித்த ஒரு பெட்டியைக் கட்டி, அதற்குள் சான்ட்ரா புல்லக்கை நிறுத்திப் படமெடுத்தார்கள். படத்தின் நீளம் 91 நிமிடம். விண்வெளி நிலையம் பூமியை ஒருமுறை சுற்றும் நேரமும் ஏறக்குறைய அதுவே. வேண்டுமென்றே செய்தார்களோ என்னவோ, பொருத்தம் அழகாக இருக்கிறது.

பெரிய ஓட்டை: மூன்று பாதைகள்

இனி பலவீனங்கள். கண்ணீர், தலைமுடி என்று சின்னச் சின்னதாகப் பலர் பட்டியல் போட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்தப் படத்தின் பெரிய ஓட்டை ஒன்றுதான். ஹப்பிளிலிருந்து விண்வெளி நிலையத்துக்கும், அங்கிருந்து தியாங்கொங்குக்கும், பக்கத்து வீட்டுக்குப் போவதுபோல் போக முடியாது.

உயர வித்தியாசம் பெரிய தடையல்ல. படம் வந்த காலத்தில் ஹப்பிள் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்திலும், விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டரை ஒட்டியும் இருந்தன. தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி இரண்டு வளையல்களை மாட்டுங்கள். ஒன்று நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் சாய்வாக, மற்றொன்று நன்றாகச் சாய்வாக. இந்தக் கோணத்தைத்தான் சுற்றுப்பாதைச் சாய்வு என்கிறோம். ஹப்பிளின் சாய்வு 28.5 பாகை, அது ஃபுளோரிடா ஏவுதளத்தின் அட்சரேகை. விண்வெளி நிலையத்தின் சாய்வு 51.6 பாகை, கசகஸ்தானிலிருந்து வரும் ரஷ்ய விண்கலங்களும் எட்டவேண்டுமே! தியாங்கொங் இரண்டுக்கும் இடையில், 42 பாகையை ஒட்டி.

நம் வட்டாரத்துச் செயற்கைக்கோள்களோ இவற்றைவிட மிகக் குறைந்த சாய்வில் பறந்தவை. 2009இல் ஏவப்பட்ட மலேசியாவின் ரசாக்சாட்டின் சாய்வு ஏறத்தாழ 9 பாகை. 2015 டிசம்பரில் இந்திய ராக்கெட்டில் சென்ற சிங்கப்பூரின் டெலியோஸ்-1க்கு 15 பாகை. நிலநடுக்கோட்டுப் பகுதியை அடிக்கடி படமெடுக்க வேண்டும் என்பதால் அப்படி. ஒவ்வொரு கோளும் தன் வேலைக்கேற்ற வளையலில் ஓடுகிறது. ஒரு வளையலிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது மலிவான காரியமல்ல.

எவ்வளவு விலை? இரண்டு பாதைகளும் குறுக்கிடும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் வேகம் விநாடிக்கு 7.6 கிலோமீட்டர். (அந்த வேகத்தில் கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு அரை நிமிடம் போதும்.) வேகத்தின் அளவை மாற்றாமல் திசையை மட்டும் திருப்ப வேண்டும். தேவைப்படும் வேக மாற்றம் = 2 × வேகம் × சைன் (கோண வித்தியாசத்தில் பாதி). 51.6இலிருந்து 28.5ஐக் கழித்தால் 23.1. அதில் பாதி 11.55. கணிப்பானைத் தட்டுங்கள்: 2 × 7.6 × 0.2. விடை விநாடிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர்.

கோவால்ஸ்கி முதுகில் மாட்டியிருக்கும் உந்து கருவி கற்பனையல்ல. 1984 பிப்ரவரியில் புரூஸ் மெக்கேண்ட்லஸ் எந்தக் கயிறும் இல்லாமல் ஓடத்திலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் தூரம் மிதந்து சென்றது இத்தகைய கருவியில்தான். ஆனால் அதன் எரிபொருள் முழுவதையும் செலவழித்தாலும் கிடைக்கும் வேக மாற்றம் விநாடிக்கு ஏறத்தாழ 25 மீட்டர். நமக்குத் தேவை 3,000 மீட்டர். விண்வெளி ஓடத்தின் பெரிய எஞ்சின்களாலேயே சுற்றுப்பாதையில் 300 மீட்டர் அளவுக்குத்தான் மாற்ற முடியும்.

இது தாளில் போடும் வெறும் கணக்கல்ல. 2003இல் கொலம்பியா ஓடம் சிதைந்து 7 பேர் இறந்த பிறகு, சேதமடைந்த ஓடத்தின் வீரர்கள் விண்வெளி நிலையத்தில் தஞ்சம் புகலாம் என்று நாசா திட்டம் வகுத்தது. 2009 மே மாதம் அட்லாண்டிஸ் ஓடம் ஹப்பிளைப் பழுது பார்க்கப் புறப்பட்டபோது அந்தத் திட்டம் கைகொடுக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து நிலையத்துக்குப் போக வழியே கிடையாது. அதனால்தான் மீட்புக்கென்றே எண்டெவர் ஓடத்தை இன்னொரு ஏவுதளத்தில் தயாராக நிறுத்தி வைத்தார்கள். படத்தில் இருவர் சில நிமிடங்களில் கடந்துவிடும் தூரத்துக்காக, நிஜத்தில் ஒரு முழு விண்வெளி ஓடம் ஏவுதளத்தில் காத்திருந்தது!

இன்னொன்றும் உண்டு. ஒரே பாதையில் இருந்தால்கூட, இலக்கைக் கண்ணால் பார்த்து அதை நோக்கி உந்தினால் போய்ச் சேர மாட்டோம். வேகம் கூடினால் பாதை உயரும்; உயரமான பாதையில் சுற்றும் காலம் அதிகம்; ஆக, முந்தப் போனவர் பின்தங்குவார். 1965 ஜூனில் ஜெமினி 4 விண்கலத்தின் தளபதி ஜேம்ஸ் மெக்டிவிட், தன் ராக்கெட்டின் கழன்ற பகுதியை நெருங்க இப்படித்தான் முயன்றார், முடியவில்லை. ரயனோ சோயுஸ் கலத்தைத் தியாங்கொங்கை நோக்கித் திருப்பி, தரையிறங்கும் ராக்கெட்டுகளைத் தட்டிவிடுகிறார். அந்த ராக்கெட்டுகள் உண்மையானவை. தரைக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் எரிந்து மோதலைத் தணிப்பவை. எழுத்தாளரின் கெட்டிக்காரத்தனத்தை மெச்சத்தான் வேண்டும். ஆனால் அவை தரும் மாற்றம் விநாடிக்குச் சில மீட்டர்தான். அந்த வேகத்தில் 160 கிலோமீட்டரைக் கடக்க, எல்லாம் நேர்க்கோட்டில் நடந்தால்கூட, 9 மணி நேரம் ஆகும்.

கோவால்ஸ்கி ஏன் கையை விட்டார்?

படம் பார்த்த எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ரயனின் கால் பாராசூட் கயிறுகளில் சிக்கியிருக்கிறது. அவர் கையில் ஒரு வார். அதன் மறுமுனையில் கோவால்ஸ்கி. ஏதோ ஒன்று அவரைப் பள்ளத்துக்குள் இழுப்பதுபோல் இருக்கிறது. “என்னை விடு, இல்லையேல் நீயும் சாவாய்” என்ற பொருளில் பேசிவிட்டு, அவரே கொக்கியைக் கழற்றுகிறார். கண் கலங்க வைக்கும் காட்சிதான்.

ஆனால் அவரை இழுப்பது எது? பூமியா? பூமி நிலையத்தையும் ரயனையும் அவரையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இழுக்கிறது. மூவரும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். நிலையத்திலிருந்து 50 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு ஈர்ப்பில் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கும். உடையும் கருவியும் சேர்த்து அவருடைய பொருண்மை 300 கிலோ என்று வைத்தால், அந்த இழுப்பு அதிகம் போனால் சில கிராம் எடைக்குச் சமம். ஒன்றிரண்டு சில்லறைக் காசுகளை உள்ளங்கையில் வைத்தால் உணரும் கனம்.

கயிறு இறுகி அவர் நின்றுவிட்டார் என்றால் கதை முடிந்தது. 3 கிலோ அரிசிப் பையைத் தூக்கும் அளவு விசையோடு ரயன் ஒரு விநாடி இழுத்தால் போதும், விநாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் கோவால்ஸ்கி மெதுவாகத் திரும்பி வந்திருப்பார். அரை நிமிடத்தில் 3 மீட்டர்.

படத்துக்காக வாதாடுபவர்களும் உண்டு. நிலையம் முழுவதும் சுழன்றுகொண்டிருந்தால் மைய விலக்கு விளைவு அவரை வெளியே தள்ளும் என்பார்கள். அல்லது கயிறுகள் இன்னும் நீண்டுகொண்டிருந்தன, அவர்கள் உண்மையில் நிற்கவேயில்லை என்பார்கள். இரண்டாவது வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் முதலாவதற்கு, பின்னணியில் நட்சத்திரங்கள் சுழன்றிருக்க வேண்டும். அப்படி எதுவும் தெரியவில்லை. ஒரு கதாபாத்திரத்தை வழியனுப்ப வேண்டியிருந்தது, அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவருடைய எரிபொருள் தீர்ந்துவிட்டது, ரயனைப் பிடிக்கும் முன்பே விலகிச் சென்றார் என்று காட்டியிருந்தால் அறிவியலும் பிழைத்திருக்கும், கண்ணீரும் குறைந்திருக்காது.

கண்ணீர் என்றதும் நினைவுக்கு வருகிறது. ரயன் அழும்போது துளிகள் கண்ணைவிட்டுப் பிரிந்து முத்துகளாக மிதந்து வருகின்றன. நிஜத்தில் பரப்பு இழுவிசை கண்ணீரைக் கண்ணிலேயே ஒட்டவைத்து ஒரு நீர்க்கட்டியாகத் திரட்டும். படம் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் கனடிய வீரர் கிறிஸ் ஹேட்ஃபீல்ட் விண்வெளி நிலையத்தில் தண்ணீரைக் கண்ணில் விட்டு இதைச் செய்து காட்டினார். ரயனின் தலைமுடி மிதக்காமல் படிந்திருக்கிறது என்று வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் சுட்டிக்காட்டியதும் சரியே. விண்ணுடையைக் கழற்றியதும் சாதாரணப் பனியனும் குட்டைக் காற்சட்டையுமாக அவர் மிதப்பதும் சினிமாதான். உண்மையில் உள்ளே, உடலைக் குளிர்விக்க ஏறத்தாழ 90 மீட்டர் நீர்க்குழாய் தைத்த உள்ளாடையும், பல மணி நேர வேலைக்கென ஓர் அணையாடையும் இருக்கும். எந்த நடிகை அதற்குச் சம்மதிப்பார்!

குப்பை மழை: பாதி உண்மை, பாதி அவசரம்

படத்தின் மையக் கருத்து கற்பனையல்ல. 1978இல் நாசாவின் டொனால்ட் கெஸ்லரும் பர்ட்டன் கூர்-பலேயும் ஒரு கட்டுரையில் இதைக் கணித்திருந்தார்கள். சுற்றுப்பாதையில் பொருள்கள் ஓர் அளவுக்கு மேல் நெருக்கமானால், ஒரு மோதலின் துண்டுகள் அடுத்த மோதலை உண்டாக்கும், அது இன்னொன்றை. இதற்குக் ‘கெஸ்லர் விளைவு’ என்று பெயர் வந்துவிட்டது.

படம் தவறுவது வேகத்தில். கெஸ்லர் சொன்னது பல பத்தாண்டுகளில் நடக்கும் சங்கிலித்தொடர். படத்தில் அது ஒரு மதிய உணவு இடைவேளைக்குள் நடந்து முடிகிறது. தொலைத்தொடர்பு செயற்கைக்கோள்கள் எல்லாம் அழிந்து ஹியூஸ்டனோடு பேச்சு துண்டிக்கப்படுகிறது என்கிறார்கள். ஆனால் ஓடமும் ஹப்பிளும் தொடர்புக்கு நம்பியிருந்த நாசாவின் அஞ்சல் செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. கீழே நூற்றுக்கணக்கான கிலோமீட்டரில் நடக்கும் சண்டை அவற்றைத் தொடாது.

துண்டுகள் பறந்து வருவதை நாம் திரையில் பார்க்கிறோம். நிஜத்தில் பார்க்க முடியாது. 2009 பிப்ரவரி 10ஆம் நாள், சைபீரியாவுக்கு மேலே ஏறத்தாழ 790 கிலோமீட்டர் உயரத்தில் இரிடியம் 33, கொஸ்மோஸ் 2251 என்ற இரு செயற்கைக்கோள்கள் மோதின. அவற்றின் சார்பு வேகம் விநாடிக்கு 11 கிலோமீட்டருக்கும் மேல். அந்த வேகத்தில் வரும் துண்டு ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போது நீங்கள் கண் சிமிட்டினால், இமை மூடித் திறப்பதற்குள் அது உங்களைக் கடந்திருக்கும்.

சரி, ‘90 நிமிடத்துக்கு ஒருமுறை குப்பை திரும்பி வரும்’ என்று கோவால்ஸ்கி கைக்கடிகாரத்தைச் சரி செய்கிறாரே, அது? வெவ்வேறு சாய்வுள்ள இரு பாதைகள் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. சுற்றும் நேரம் ஒன்றாக இருந்தால் குப்பை மேகத்தை நாம் திரும்பத் திரும்பச் சந்திப்போம் என்பது சரி. ஆனால் ஒரு சுற்றில் ஒரே ஒரு விநாடி முன்பின்னாக இருந்தாலும் 7 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். மேகம் நீளவாக்கில் விரிந்து நீர்த்துப் போகும். ஆகவே இந்த இடத்தில் பாதி மதிப்பெண்தான் கொடுக்கலாம் என்று பலர் எழுதினார்கள்.

பிறகு 2021 நவம்பர் 15 வந்தது. ரஷ்யா தன் பழைய கொஸ்மோஸ் 1408 செயற்கைக்கோளை ஏவுகணையால் தகர்த்தது. கண்காணிக்கத்தக்க அளவில் மட்டும் 1,500க்கு மேற்பட்ட துண்டுகள். விண்வெளி நிலையத்தில் இருந்த 7 பேரும் அவசரமாகத் தங்கள் சோயுஸ், டிராகன் கலங்களுக்குள் புகுந்து கதவை அடைத்தார்கள். நிலையம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை அந்த மேகத்தின் வழியாகவோ அருகாகவோ கடக்கிறது என்று நாசா அறிவித்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு திரைக்கதையை யாரோ எடுத்து வாசிப்பதுபோல் இருந்தது.

ரஷ்யாவை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அமெரிக்கா 1985இலும் 2008இலும், சீனா 2007 ஜனவரியிலும், இந்தியா 2019 மார்ச்சிலும் இதையே செய்திருக்கின்றன. அவற்றுள் மிக மோசமானது சீனாவின் சோதனை. 860 கிலோமீட்டர் உயரத்தில் 3,000க்கும் மேற்பட்ட துண்டுகளை அது விட்டுச் சென்றது. அந்த உயரத்தில் காற்று மிக மிக மெல்லியது. துண்டுகள் இறங்கி எரிந்துபோகப் பல பத்தாண்டுகள் ஆகும். ஏறத்தாழ 300 கிலோமீட்டருக்குள் நடந்த இந்தியச் சோதனையின் துண்டுகள் பெரும்பாலும் சில மாதங்களிலேயே விழுந்துவிட்டன. உயரம்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இன்று 10 சென்டிமீட்டருக்குப் பெரிய துண்டுகள் மட்டும் 30,000க்கு மேல் சுற்றுகின்றன.

தலைகீழாக ஒரு வருகை

கடைசிக் காட்சி. ரயன் ஏறிய சீனக் கலம் கட்டுப்பாடின்றி உருண்டு வளிமண்டலத்தில் நுழைகிறது. சுற்றிலும் தீ. பிறகு தானாகவே நிமிர்ந்து, வெப்பக் கவசம் முன்னோக்க, பாராசூட் விரிகிறது. இதைப் பலர் நம்பவில்லை. ஆனால் படத்தில் மிகவும் நம்பத்தக்க இடங்களில் இதுவும் ஒன்று.

2007 அக்டோபரில் நம் நாட்டு வீரர் டாக்டர் ஷேக் முஸாபார் ஷுக்கோர் சோயுஸ் டிஎம்ஏ-11இல் விண்வெளி நிலையத்துக்குச் சென்றார் அல்லவா? அவர் திரும்பியது வேறொரு கலத்தில், டிஎம்ஏ-10இல். அது வழக்கமான மெதுவான பாதையை விட்டு, எறிந்த கல்போல் செங்குத்தாக இறங்கியது. குறித்த இடத்துக்கு 300 கிலோமீட்டருக்கும் முன்பாகவே தரை தொட்டது. அவர் ஏறிச் சென்ற டிஎம்ஏ-11 இன்னும் மோசம். 2008 ஏப்ரலில் தென்கொரியாவின் யி சோ-யியோன் உட்பட மூவருடன் அது திரும்பியபோது, பின்பகுதி சரியாகக் கழலவில்லை. கலம் சிறிது நேரம் கதவுப் பக்கம் முன்னால் இருக்க, தலைகீழாகவே தீக்குள் நுழைந்தது. பின்பகுதி பிய்த்துக்கொண்ட பிறகு, கனமான அடிப்பகுதி தானாக முன்னே திரும்பியது. பொருண்மை மையம் வெப்பக் கவசத்தின் பக்கமாக இருக்கும்படி வடிவமைத்திருப்பதன் பலன் அது. இத்தகைய இறக்கத்தில் உடல்மீது பூமி ஈர்ப்பின் 8 மடங்குவரை அழுத்தம் விழும். 60 கிலோ ஆள் 480 கிலோவாக உணர்வார். மூவரும் பிழைத்தார்கள்.

ரயனும் பிழைக்கிறார். ஏரியிலிருந்து நீந்திக் கரையேறி, எழுந்து நிற்க முயல்கிறார்; கால்கள் தாங்கவில்லை. சேற்றில் கை ஊன்றி, தடுமாறி, ஒருவழியாக நிமிர்கிறார். படம் முழுக்க இல்லாத ஈர்ப்பு விசை அந்த ஒரு நிமிடத்தில்தான் திரைக்கு வருகிறது. தலைப்புக்குரிய கதாபாத்திரம் கடைசிக் காட்சியில் அறிமுகமாவதுபோல.